மொட்டை போட்டதும் மகள் கேட்கிறாள்: "இப்ப நான் பையனா?"

கரூர்_அப்பா | ஞாயிறு, இரவு 9.40

போன வாரம் குலதெய்வக் கோயிலில் ஒரே நாளில் இரண்டு பிள்ளைகளுக்கு முடி இறக்கினோம். ஒன்று என் மகள், நாலு வயது இரண்டு மாதம், இது அவளுக்கு மூன்றாவது மொட்டை. இன்னொன்று என் அக்கா மகன், மூன்றரை வயது. அவனுக்கு இதுதான் முதல் மொட்டை. ஏதேதோ காரணத்தால் வேண்டுதல் தள்ளித் தள்ளிப் போய், முடி தோளுக்குக் கீழே வந்துவிட்டது. தினமும் ரெட்டை ஜடை, ரிப்பன். முந்தின நாள் வழக்கப்படி பாவாடை சட்டை போட்டு, பூ வைத்துப் பின்னி, ஸ்டுடியோவில் போட்டோவும் எடுத்தாயிற்று.

என் மகளுக்கு அவன் பிறந்ததிலிருந்தே பழக்கம். "தம்பி" என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் "தம்பி பையனா, பொண்ணா?" என்று யாராவது கேட்டால் தயங்காமல் "பொண்ணு" என்பாள். எல்லாரும் சிரிப்போம். அதோடு மறந்துவிடுவோம்.

மொட்டை முடிந்து வேனில் திரும்பும்போது அவன் சந்தனத் தலையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தம்பி இப்ப பையன் ஆயிட்டான்." எல்லாரும் சிரித்தோம். குளித்தலை தாண்டும் வரை சத்தமே இல்லை. அப்புறம் தன் தலையையும் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பா, இப்ப நான் பையனா?"

இல்லையம்மா, நீ பொண்ணுதான் என்று சொல்லிவிட்டேன். நம்பவில்லை. திங்கட்கிழமை பள்ளியில் தானாகவே போய்ப் பையன்கள் வரிசையில் நின்றிருக்கிறாள். மிஸ் இந்தப் பக்கம் இழுத்து விட்டதும் அழுகை. வீட்டுக்கு வந்தால் நேர் எதிர்: மொட்டைத் தலையில் கிளிப் குத்தச் சொல்கிறாள், ராத்திரி படுக்கும்போதும் பட்டுப்பாவாடையைக் கழற்ற மாட்டேன் என்கிறாள்.

மனைவிக்குக் கொஞ்சம் கவலை. எனக்குக் கவலையில்லை, ஆனால் புரியவில்லை. நாலு வயதில் தான் பெண் என்று தெரியாமலா இருக்கும்? போன மாதம் வரை நன்றாகச் சொன்னவள்தானே?

---

தாடிக்காரன் | ஞாயிறு, இரவு 9.58

எங்கள் வீட்டுக் கூடத்திலும் என்னுடைய அந்தப் போட்டோ தொங்குகிறது. பூ ஜடை, நெற்றிச்சுட்டி, பின்னால் கண்ணாடி வைத்து ஜடை தெரிகிற மாதிரி எடுத்தது. என் மகன் ஐந்து வயது வரை "இந்த அக்கா யாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நான்தான் என்று சொன்னால் என் தாடியைப் பார்ப்பான், போட்டோவைப் பார்ப்பான், பேசாமல் போய்விடுவான்.

---

நிலாப்பித்து | ஞாயிறு, இரவு 10.31

கரூர் அண்ணா, உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி. தம்பி விஷயத்தில் நடந்ததைப் பார்த்து ஒரு விதி கண்டுபிடித்தாள். முடி போனதும் அவன் பையன் ஆனான். அதே விதியைத் தனக்கும் போட்டுப் பார்த்தாள். இதில் என்ன பிழை?

நான் குழந்தை வளர்ச்சி பற்றிப் படித்தவள், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். "நான் பெண்" என்று சொல்லத் தெரிவதும், "நான் என்ன செய்தாலும் பெண்தான்" என்று தெரிவதும் வேறு வேறு. 1966-இல் லாரன்ஸ் கோல்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் படிப்படியாகப் பிரித்தார். 1975-இல் ஸ்லேபி, ஃப்ரே என்ற இருவர் அதைக் குழந்தைகளிடம் கேட்கக்கூடிய கேள்விகளாக்கினார்கள். முதல் கேள்வி, நீ பையனா பொண்ணா? இரண்டு, இரண்டரை வயதில் பெரும்பாலான பிள்ளைகள் சரியாகச் சொல்லிவிடுவார்கள். அடுத்தது காலம் பற்றியது: கைக்குழந்தையாக இருந்தபோது நீ என்ன, பெரியவளானதும் அம்மாவா அப்பாவா? இது சற்றுப் பிந்தி வரும். மூன்றாவதுதான் உங்கள் வேனில் கேட்ட கேள்வி: பையன் உடுப்பைப் போட்டால், பையன் விளையாட்டை விளையாடினால், நீ பையன் ஆகிவிடுவாயா? இதற்கு உறுதியாக "ஆக மாட்டேன்" என்று சொல்லப் பல பிள்ளைகளுக்கு ஐந்து, ஆறு, ஏழு வயதுகூட ஆகும்.

போன மாதம் வரை நன்றாகச் சொன்னாள் என்றீர்கள். போன மாதம் முதல் கேள்வியைத்தான் கேட்டிருப்பீர்கள். இப்போது வந்திருப்பது மூன்றாவது.

குட்டையான டம்ளரிலிருந்து ஒல்லியான டம்ளருக்குத் தண்ணீரை மாற்றினால் "இதில்தான் நிறைய" என்று நாலு வயதுப் பிள்ளை சொல்லும், பார்த்திருப்பீர்கள். சுவிஸ் உளவியலாளர் பியாஜே காட்டியது அது. கண்ணுக்குத் தெரிவது மாறினால் பொருளே மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளும் வயது.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒரு பூனையை வைத்துச் செய்தது. ரீட்டா டிவ்ரீஸ் என்பவர் 1969-இல் எழுதியது. பூனையின் பெயர் மேனார்ட், பரம சாது. பிள்ளைகள் முதலில் அதைத் தடவிக் கொடுப்பார்கள். பிறகு அதன் முன்பக்கத்தை மறைத்து, முகத்தில் ஒரு பயங்கர நாயின் முகமூடியை மாட்டுவார்கள். வாலும் பின்பக்கமும் பிள்ளையின் கண் முன்னாலேயே இருக்கும். திருப்பிக் காட்டியதும் மூன்று வயதுப் பிள்ளைகளில் பலர் அது நாயாகிவிட்டது என்றே நம்பிப் பயந்தார்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் ஏமாறவில்லை.

பூனைக்கே இந்தக் கதி. மொட்டைக்கு என்ன கதி?

---

சும்மா_ஒரு_சந்தேகம் | திங்கள், காலை 7.12

படித்தவர்கள் மன்னிக்கணும். பிள்ளைகளிடம் கோமாளித்தனமாக ஒரு கேள்வி கேட்டால் கோமாளித்தனமாகத்தான் பதில் வரும். என் மகளிடம் இப்போதுதான் கேட்டேன், "பேன்ட் போட்டா நீ பையனா?" என்று. "ஆமா, நீ நைட்டி போட்டா அம்மா" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். இதை எழுதி வைத்து "ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆண் பெண் புரியவில்லை" என்று கட்டுரை போடுவீர்களா? அது விளையாடுகிறது.

இன்னொன்று. எங்கள் ஊரில் பம்ப்செட்டில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக அம்மணமாகக் குளிப்போம். எங்களுக்கு மூன்று வயதிலேயே எல்லாம் தெரியும். ஜடையை வைத்தா முடிவு செய்தோம்?

---

நிலாப்பித்து | திங்கள், காலை 8.05

சும்மா அண்ணா, நீங்கள் கேட்ட இரண்டையுமே ஆராய்ச்சிக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள். பாதி பதில்கள் விளையாட்டுப் பேச்சு என்ற குற்றச்சாட்டு அந்தத் துறைக்குள்ளேயே உண்டு. பம்ப்செட் விஷயத்துக்குத்தான் சாண்ட்ரா பெம் என்ற அமெரிக்க உளவியலாளர் வருகிறார்.

அவருடைய மகன் நர்சரிக்கு ஹேர் கிளிப் குத்திக்கொண்டு போனானாம். அங்கே ஒரு பையன் நாள் முழுக்க, "நீ பொண்ணு, பொண்ணுங்கதான் கிளிப் குத்துவாங்க" என்று விடாமல் சொல்லியிருக்கிறான். இவன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் கால்சட்டையை இறக்கியே காட்டிவிட்டான். அந்தப் பையன் அசரவில்லை. "அது எல்லாருக்கும்தான் இருக்கு. கிளிப் பொண்ணுங்களுக்கு மட்டும்தான்" என்றானாம்.

1989-இல் பெம் வெளியிட்ட ஆய்வு இதையேதான் சோதித்தது. முதலில் ஒரு சின்னக் குழந்தையின் உடையில்லாத படம். பிறகு அதே குழந்தை தன் பாலுக்குப் பொருந்திய உடையில் ஒன்று, மாற்று உடையில் ஒன்று. மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளிடம், இது பையனா பெண்ணா என்று கேட்டார். உடலில்தான் வித்தியாசம் என்று ஏற்கெனவே தெரிந்திருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் உடைக்கு ஏமாறவில்லை. அது தெரியாத பிள்ளைகளில் மிகச் சிலரே தப்பினார்கள்.

ஆக, மூளை முதிராததால் மட்டும் வருகிற தடுமாற்றம் இல்லை இது. உங்கள் பம்ப்செட் பிள்ளைகளுக்குத் தகவல் இருந்தது. இன்றைய அபார்ட்மென்ட் பிள்ளைக்கு நாம் காட்டுவது ஜடை, கம்மல், பாவாடை, கலர் மட்டும்தான். காட்டியதை வைத்துத்தானே அது கணக்குப் போட முடியும்?

---

வேப்பங்காற்று | திங்கள், காலை 11.20

பேரன் பேத்தி எடுத்தவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் காலத்தில் பெண் குழந்தைக்கு அரைஞாண் கயிற்றில் வெள்ளியில் அரசிலை மாதிரி அரைமூடி கோத்துக் கட்டுவார்கள். உடம்பில் வேறு துணி இருக்காது. பார்க்கிற பிள்ளைக்கெல்லாம் தெரியும், இலை இருந்தால் பெண். இப்போது பிறந்த அன்றைக்கே டயப்பர் கட்டிவிடுகிறீர்கள்.

சொல்லவும் மாட்டேன் என்கிறீர்கள். பையனுடையதற்குக் கொஞ்சுவதற்கே நாலு பேர் வைத்திருக்கிறோம். பெண்ணுடையதற்கு? "ஷேம் ஷேம்", அவ்வளவுதான். பெயரே இல்லாத ஒன்றை அந்தப் பிள்ளை எப்படி அடையாளமாக எடுத்துக்கொள்ளும்? அது ஜடையைத்தான் பிடித்துக்கொள்ளும்.

---

சும்மா_ஒரு_சந்தேகம் | திங்கள், காலை 11.34

பாட்டி ஒரே போடாகப் போட்டுவிட்டார்கள். நான் பாதி ஒத்துக்கொள்கிறேன்.

---

எல்கேஜி_மிஸ் | திங்கள், மாலை 5.45

பத்தொன்பது வருஷமாக இந்த வயதுப் பிள்ளைகளோடுதான் இருக்கிறேன். மூன்று வயதில் வரும்போது யாரும் எதையும் எடுப்பார்கள். பையன்கள் சொப்புச் சாமானில் சோறு பொங்குவார்கள். நாலு தாண்டும்போது திடீரென்று ஒரு போலீஸ் வேலை ஆரம்பிக்கும். "மிஸ், இவன் பிங்க் கிரேயான் எடுக்கறான்", "மிஸ், அவ பைக் ஓட்டறா." யாரும் சொல்லிக்கொடுக்காத சட்டமெல்லாம் வெளியே வரும். போன வருஷம் ஒரு பையன், "பொண்ணுங்க தயிர்சாதம் சாப்பிடுவாங்க, பசங்க புளிசாதம்" என்று ஒரு விதி போட்டான். எங்கிருந்து பிடித்தான் என்று விசாரித்தால், அவன் பெஞ்சில் இருந்த இரண்டு பெண்கள் அன்றைக்குத் தயிர்சாதம் கொண்டு வந்திருந்தார்கள். அவ்வளவுதான் ஆதாரம்.

கரூர் சார், மொட்டைத் தலையில் கிளிப் கேட்பதும் பட்டுப்பாவாடையோடு தூங்குவதும் எனக்குப் புதிதில்லை. அடையாளம் போய்விடுமோ என்று பிள்ளைக்குப் பயம், அதனால் மிச்சம் இருக்கிற அடையாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

ஒன்றை ஒத்துக்கொள்ளணும். "பாய்ஸ் இந்தப் பக்கம், கேர்ள்ஸ் அந்தப் பக்கம்" என்று ஒரு நாளில் எத்தனை தடவை சொல்கிறேன் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். மதியத்துக்குள் இருபதைத் தாண்டிவிட்டது. ஒரு பயிற்சி வகுப்பில் கேட்ட ஆய்வால்தான் எண்ணவே தோன்றியது. ஹில்லியர்ட், லிபன் என்று இருவர், 2010. பாலர் வகுப்புகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றில் ஆசிரியர்களை "குட்மார்னிங் பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ்", தனித்தனி வரிசை என்று பிரித்துப் பேசச் சொன்னார்கள். மற்ற வகுப்புகளில் அப்படிப் பேசவில்லை. ஆண் உசத்தி, பெண் தாழ்த்தி என்று எந்த ஆசிரியரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டே வாரம். பிரித்துப் பேசிய வகுப்புகளில் "இது பையன் வேலை, அது பொண்ணு வேலை" என்ற எண்ணம் கூடியது, எதிர்ப் பாலோடு விளையாடுவது குறைந்தது.

நான் வரிசையை மாற்றிப் பார்த்தேன். இன்றைக்கு இட்லி கொண்டு வந்தவர்கள் ஒரு வரிசை, மற்றவர்கள் ஒரு வரிசை. ஒரு வாரத்தில் இட்லிக் கட்சி, சப்பாத்திக் கட்சி என்று சண்டை. எதைப் பிரித்துக் காட்டினாலும் அதில் கட்சி கட்டிவிடுகிறார்கள்!

---

ஐகாரக்குறுக்கம் | திங்கள், இரவு 9.15

மொழிப் பக்கத்திலிருந்து ஒரு சங்கதி. வினைமுற்றிலேயே ஆண் பெண் காட்டுகிற மொழி நம்முடையது. வந்தான், வந்தாள். ஆனால் இரண்டு மூன்று வயதுப் பிள்ளையின் காதில் உண்மையில் விழுவது என்ன என்று கவனித்துப் பாருங்கள்.

"பாப்பா தூங்குது." "தம்பி அழுவுது." "அக்கா வந்துச்சு." இலக்கணப்படி இதெல்லாம் அஃறிணை முடிபு. நன்னூல் மக்கள், தேவர், நரகர் மூவரையும் உயர்திணையில் வைக்கும். நம் வீட்டுக் கொஞ்சலோ பிள்ளையை "அது" ஆக்கிவிடும். பெரியவர் என்றால் "தாத்தா வந்தாரு, பாட்டி வந்தாங்க." மரியாதை வந்ததும் பால் பாதி மறைந்துவிடும். சுத்தமான "வந்தான், வந்தா" பெரும்பாலும் அண்ணன் தம்பி, கூட விளையாடுகிற பிள்ளைகள் பற்றித்தான்.

முன்னிலையில் இன்னும் வேடிக்கை. "நீ" என்ற சொல்லில் பால் இல்லை. டா, டி என்ற ஒட்டுதான் அதைக் காட்டும். ஆனால் பெண் குழந்தையைக் கொஞ்சும்போது எத்தனை வீட்டில் "வாடா செல்லம், சாப்பிடுடா கண்ணா" என்கிறோம்!

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 1982-இல் கியோரா என்பவரும் கூட்டாளிகளும் ஹீப்ரு, ஆங்கிலம், ஃபின்னிஷ் பேசுகிற குழந்தைகளை ஒப்பிட்டார்கள். ஹீப்ருவில் "நீ" என்பதற்கே ஆணுக்கு ஒரு சொல், பெண்ணுக்கு ஒரு சொல். வினையும் அதற்கேற்ப மாறும். ஃபின்னிஷில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல். தான் ஆணா பெண்ணா என்பது ஹீப்ருப் பிள்ளைகளுக்கு முதலில் பிடிபட்டது, ஆங்கிலம் நடுவில், ஃபின்னிஷ் கடைசி. எல்லாரும் அங்கேதான் போய்ச் சேர்கிறார்கள், நேரம்தான் வித்தியாசம்.

வந்தான் வந்தாளை வைத்துத் தமிழை ஹீப்ருவுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். வீட்டுப் பேச்சைக் கேட்டால் நாம் அவ்வளவு பக்கமில்லை என்பது என் கருத்து. கரூர் அண்ணா மகளை எப்படிக் கூப்பிடுகிறார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

---

கரூர்_அப்பா | திங்கள், இரவு 9.22

டா.

---

கொக்குவில்_கிழவன் | செவ்வாய், அதிகாலை 3.50 (எனக்கு இங்கே பின்னேரம்)

எங்கள் பக்கத்தில் அப்படியில்லை ஐயா. யாழ்ப்பாணத்தில் மூன்று வயது மகனையும் "அவர் சாப்பிட்டிட்டார்", மகளை "அவ படுத்திட்டா" என்றுதான் தாய்மார் சொல்லுவினம். பிள்ளையை நீங்கள் என்று கூப்பிடுகிற வீடுகளும் உண்டு. ஆண் பெண் காதிலே விழுந்துகொண்டேயிருக்கும்.

நான் ரொறன்ரோவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறேன். இங்கே பிள்ளை பிறக்க முதலே கேக் வெட்டி, நீலமா பிங்கா என்று பார்க்கிற கொண்டாட்டம் ஒன்று இருக்கிறது. இந்தியாவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஸ்கேனில் பாலைச் சொல்ல முடியாது, காரணமும் எல்லாருக்கும் தெரிந்த துக்கம்தான். இங்கே ஐந்து மாதத்திலேயே அறைக்குப் பெயின்ட் அடித்து முடிந்துவிடும். பிள்ளை தான் யார் என்று படிப்பது பிறகு, நாங்கள் அதைப் படித்து முடிப்பது முதல்.

என்ரை மகள் ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னாள். நியூயோர்க்கில் 2000-ஆம் ஆண்டளவில் செய்தது. பதினொரு மாதப் பிள்ளை எவ்வளவு சரிவான பலகையில் தவழ்ந்து இறங்கும் என்று தாய்மாரிடம் முதலில் கேட்டினம். ஆண்பிள்ளைகளின் தாய்மார் கூடச் சொன்னார்கள், பெண்பிள்ளைகளின் தாய்மார் குறைத்துச் சொன்னார்கள். பிறகு பிள்ளைகளை இறக்கிப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் இறங்கினதுகள். இதைக் கேட்ட பிறகு பார்க்கில் என்ரை வாயை நானே கவனிக்கிறேன். பேத்திக்கு "பார்த்து, பார்த்து." பேரனுக்கு "ஏறு, ஏறு."

---

ஐகாரக்குறுக்கம் | செவ்வாய், காலை 8.40

ஐயா சொன்ன "அவர், அவ" வழக்கு எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி. "தமிழ்" என்று மொத்தமாகச் சொன்னது என் தப்பு.

இன்னொன்றும் விட்டுப்போனது. பிள்ளைத்தமிழில் பருவம் பத்து. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்ற ஏழும் ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் பொது. கடைசி மூன்றில்தான் பாதை பிரியும். ஆண் என்றால் சிற்றில் (விளையாட்டு மணல்வீடு) சிதைப்பான், சிறுபறை கொட்டுவான், சிறுதேர் உருட்டுவான். பெண் என்றால் அம்மானை, நீராடல், ஊசல். மூன்றாம் மாதத்திலிருந்து இருபத்தொன்றாம் மாதம் வரை என்று ஒரு கணக்கு உண்டு, பாட்டியல் என்ற இலக்கண நூல்களில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். எப்படிப் பார்த்தாலும் பிரிவது ஏறத்தாழ ஒன்றரை வயதில்.

புலவர்கள் ஆய்வு செய்து பிரித்தார்கள் என்று நான் கதை விடவில்லை. நிலாவைக் காட்டும் வரை பிள்ளைக்கு ஆண் பெண் இல்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். இன்னொன்று, சிற்றில் கட்டுவது பெண், அதை மிதித்துக் கலைப்பது ஆண். எல்கேஜி மிஸ் வகுப்பில் இன்னும் அதே சண்டைதான் என்று நினைக்கிறேன்.

---

எல்கேஜி_மிஸ் | செவ்வாய், காலை 8.52

பிளாக்ஸ் கட்டினால் அப்படியே!

---

நிலாப்பித்து | செவ்வாய், காலை 9.30

அந்த ஒன்றரை வயது நன்றாகவே பொருந்துகிறது. 2009-இல் வந்த ஸோசுல்ஸ் குழுவின் ஆய்வில் தாய்மார்கள் பிள்ளை பேசுகிற வார்த்தைகளை நாட்குறிப்பாக எழுதி வைத்தார்கள். பையன், பொண்ணு மாதிரியான சொற்களைப் பிள்ளைகள் சொல்லத் தொடங்கியது சராசரியாகப் பத்தொன்பது மாதத்தில். அப்படிச் சொல்லத் தொடங்கிய பிள்ளைகளிடம் பெண்ணுக்குப் பொம்மை, பையனுக்கு லாரி என்று விளையாட்டு பிரிவது அதிகமாகத் தெரிந்தது.

அடையாளம் காண்பது பேச்சுக்கும் முந்தியது. மூன்று நான்கு மாதக் குழந்தைகள் பெண் முகத்தைத்தான் அதிக நேரம் பார்க்கின்றன. ஆனால் அப்பா முதன்மையாக வளர்த்த குழந்தைகள் ஆண் முகத்தை அதிகம் பார்த்தன. க்வின் குழு 2002-இல் எழுதியது இது. யார் தூக்கி வைத்துக்கொள்கிறார்களோ அவர் முகம்.

கோல்பெர்க்கிடம் ஒரு இடத்தில் ஓட்டை விழுந்தது இங்கேதான். "நான் மாறாமல் பெண்" என்று முழுதாகப் புரிந்த பிறகே பிள்ளை பெண்போல் நடக்கப் பார்க்கும் என்பது அவர் வாதம். அதெல்லாம் வரக் காத்திருக்க வேண்டியதில்லை, "நான் இந்தக் கட்சி" என்று தெரிந்தாலே போதும், பிள்ளை துப்பறியத் தொடங்கிவிடுகிறது என்று கரோல் மார்ட்டினும் டயான் ரூபிளும் சொன்னார்கள். அவர்கள் வைத்த பெயரே பாலினத் துப்பறிவாளர்கள். தயிர்சாதப் பையன் அதில் முதல் ஆள்.

---

நைட்_ட்யூட்டி | செவ்வாய், பிற்பகல் 2.10

நான் டாக்டர். வீட்டில் ஸ்டெதாஸ்கோப் மாட்டியபடி மகள் முன்னால் நிற்கிறேன். ஐந்து வயது. "டாக்டர்னா மாமா. நீ நர்ஸ்" என்கிறாள். என்னை ஆஸ்பத்திரியில் கோட்டோடு பார்த்தவள். எங்கள் வார்டில் இரண்டு ஆண் நர்ஸ்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் சாக்லேட் வாங்கித் தின்றவள். இதற்கு என்ன துப்பு?

---

நிலாப்பித்து | செவ்வாய், பிற்பகல் 2.48

டாக்டர், விதி ஒன்று பிடிபட்டுவிட்டால் கண்ணால் பார்த்ததையே மனசு திருத்திக்கொள்ளும். 1983-இல் மார்ட்டினும் ஹால்வர்சனும் ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் படங்கள் காட்டினார்கள். சிலவற்றில் வழக்கத்துக்கு மாறாக இருக்கும், ஒரு சிறுமி மரம் அறுக்கிற மாதிரி. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் பல பிள்ளைகள், மரம் அறுத்தது பையன் என்றே நினைவு வைத்திருந்தார்கள். நீங்கள் அந்த மரம் அறுக்கிற சிறுமி.

சாதாரணமாக ஏழு எட்டு வயதில் இந்த இறுக்கம் தளரும். ஆனால் எல்லாம் தளர்வதில்லை. 2017-இல் பியான், லெஸ்லி, சிம்பியன் வெளியிட்டது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. "ரொம்ப ரொம்பப் புத்திசாலி" யார் என்று படத்தில் காட்டச் சொன்னால் ஐந்து வயதில் பையன்கள் ஆணையும் பெண்கள் பெண்ணையும் காட்டினார்கள். ஆறு வயதிலேயே பெண் பிள்ளைகள் தங்கள் கட்சியைக் காட்டுவது குறைந்துபோனது. முடி வளர்ந்தால் சரியாகப் போகிற விஷயமில்லை அது.

---

புதியவன்_0 | செவ்வாய், மாலை 6.30

எல்லாரும் சிரிக்கிறீர்கள். பெண் பிள்ளை பையன்கள் வரிசையில் நிற்கிறது, அதைத் திருத்தாமல் விட்டால் பிற்காலத்தில் அந்த மாதிரி ஆகிவிடும். இப்போதே கண்டிக்கணும்.

---

அந்திமந்தாரை | செவ்வாய், இரவு 8.05

"அந்த மாதிரி" என்று நீங்கள் சொல்கிற ஆள் நான். திருநங்கை. வயது நாற்பத்தொன்று.

கோபப்படாமல் சொல்கிறேன். கரூர் அண்ணன் மகளுக்கு நடந்ததும் எனக்கு நடந்ததும் ஒன்றில்லை. அந்தப் பிள்ளைக்கு விதி குழம்பிவிட்டது. முடி எந்தக் கட்சி என்று தெரியவில்லை. எனக்கு ஐந்து வயதில் எல்லா விதியும் நன்றாகத் தெரியும். எல்லாரும் என்னைப் பையன் என்கிறார்கள், எந்த வரிசையில் நிற்கணும், எதைத் தொட்டால் அடி விழும், எல்லாம் மனப்பாடம். குழப்பமே இல்லை. தெரிந்த விதி எனக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்ல வார்த்தை கிடைக்கப் பத்து வருஷம் ஆனது.

கண்டிப்பு பற்றிச் சொன்னீர்கள். எனக்குக் குறைவில்லாமல் கிடைத்தது. எங்கள் பள்ளியில் ஒரு வாத்தியார் நான் நடக்கிற நடையைத் திருத்தவே தனியாக நேரம் ஒதுக்குவார். நடை மாறியது. நான் மாறவில்லை.

வரிசையில் மாறி நின்ற பிள்ளையைக் கண்டித்தாலும் கொஞ்சினாலும் அது திருநங்கையோ திருநம்பியோ ஆகப்போவதில்லை. கண்டித்தால் அழும்.

---

நைட்_ட்யூட்டி | செவ்வாய், இரவு 9.00

அந்திமந்தாரை அக்கா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அமெரிக்காவில் கிறிஸ்டினா ஓல்சன் குழு 2015-இல் ஒன்று வெளியிட்டது. குடும்பம் ஏற்றுக்கொண்ட ஐந்திலிருந்து பன்னிரண்டு வயது வரையான திருநர் பிள்ளைகளைச் சோதித்தார்கள். யோசித்துச் சொல்கிற பதிலில் மட்டுமில்லை, யோசிக்க நேரமில்லாத வேகச் சோதனையிலும் அவர்கள், தாங்கள் சொல்கிற பாலைச் சேர்ந்த மற்றப் பிள்ளைகள் மாதிரியே பதில் சொன்னார்கள். குழம்பிய பிள்ளைகளின் பதில் அப்படி இருக்காது.

வளர்ப்பால் எப்படியும் வளைக்கலாம் என்று நம்பியதற்குப் பழைய உதாரணம் கனடாவின் டேவிட் ரீமர். 1965-இல் வின்னிபெக்கில் பிறந்த ஆண் குழந்தை. எட்டு மாதத்தில் முன்தோல் அறுவையில் விபத்து. ஜான் மணி என்ற உளவியலாளரின் பேச்சைக் கேட்டு, இரண்டு வயது ஆவதற்குள் அறுவை செய்து, பெண்ணாக வளர்த்தார்கள். வெற்றி என்று உலகமெல்லாம் பாடப்புத்தகத்தில் வந்தது. அந்தப் பிள்ளையோ ஒரு நாளும் ஒட்டவில்லை. பதினான்கு வயதில் உண்மையைச் சொன்னதும் ஆணாகவே வாழத் தொடங்கினார். 2004-இல் இறந்துவிட்டார், தற்கொலை.

பிறப்பில் பால் தெளிவாக இல்லாத குழந்தைகளுக்கு அவசரப்பட்டு அறுவை செய்யக்கூடாது என்று 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னதும், அதே வருஷம் தமிழக அரசு ஆணை போட்டதும் எங்கள் மாதிரி டாக்டர்களுக்குப் பெரிய நிம்மதி. பிள்ளை தானே சொல்லும் வரை பொறுக்கலாம்.

---

புதியவன்_0 | செவ்வாய், இரவு 9.20

நான் யாரையும் புண்படுத்த எழுதவில்லை. தெரியாமல் எழுதினேன்.

---

அந்திமந்தாரை | செவ்வாய், இரவு 9.26

சரி தம்பி.

---

வேப்பங்காற்று | புதன், காலை 10.15

கரூர் தம்பி, இத்தனை பேர் பேசியாயிற்று. இரண்டு பிள்ளைகளையும் ஒரே அண்டாவில் தண்ணி ஊற்றிக் குளிக்க விடு. கேட்டால் பெயர் சொல்லிக்கொடு. வேறு ஒன்றும் வேண்டாம்.

---

கரூர்_அப்பா | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.30

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பாட்டி சொன்னபடி அக்கா வீட்டுக்குப் போய் அண்டாக் குளியல் நடந்தது. மகள் பார்த்தாள், கேட்டாள். மனைவி நேராகச் சொன்னாள், நான் துண்டு எடுக்கிற சாக்கில் நகர்ந்துவிட்டேன். (என் தலைமுறைக்கு அவ்வளவுதான் தைரியம்.) அன்று ராத்திரி ஒரு முடிவு அறிவித்தாள்: "தம்பி ஜடை போட்டப்பவும் பையன்தான். ஏமாத்திட்டான்."

வகுப்பு மிஸ்ஸிடம் வரிசை பற்றி மெதுவாகப் பேசிப் பார்த்தேன். "எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான் சார்" என்றுவிட்டார். சரி, பார்க்கலாம். மகள் இப்போது பெண்கள் வரிசையில் முதல் ஆளாக நிற்கிறாளாம், தலையில் ரெண்டு சென்டிமீட்டர் முடியும் நாலு கிளிப்பும். இன்னொரு மொட்டைப் பையனை இவளே தன் வரிசைக்கு இழுத்து வந்து வம்பாகிவிட்டது. கிளிப் குத்தியிருந்தானாம். ஆக, பாடம் பாதிதான் ஏறியிருக்கிறது.

நேற்று நிலாப்பித்து தங்கை எழுதிய கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். "நீ பெரியவளானதும் அம்மா ஆவியா, அப்பா ஆவியா?"

"அம்மா."

"அப்பவும் மொட்டை போட்டுக்கிட்டா?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "மொட்டை அம்மா."

அப்புறம் திண்ணையில் உட்கார்ந்திருந்த என் அப்பாவின் வழுக்கையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு என் காதில் கேட்டாள்: "தாத்தாவுக்கு யாருப்பா வேண்டிக்கிட்டது?"